வீட்டு வாசலில் மணல் மூட்டை: தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கான கேள்வி பதில்

வெள்ளம் என்றதும் இந்த இரண்டு மாவட்டங்களிலும் பலர் ஒகேனக்கல் காவிரியைத்தான் நினைப்பார்கள். வீட்டுக்குள் தண்ணீர் புகுவதற்கு ஆறு தேவையில்லை. மலையடிவார ஓடை, கோடி போகும் (நிரம்பி வழியும்) ஏரி, குப்பை அடைத்த சாக்கடை இவற்றில் ஒன்று போதும். 2024 டிசம்பர் முதல் வாரத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. பதிவானது. ஊத்தங்கரையில் ஏரி வழிந்த வேகத்தில் சாலையோரம் நின்றிருந்த வேன்களும் கார்களும் உருண்டு போயின. 50 செ.மீ. என்றால் ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி ஒன்றில் மட்டும் 46,000 லிட்டர், கிட்டத்தட்ட நாலு தண்ணீர் லாரி. இப்படிப்பட்ட மழைக்கு முன்னால் வாசலில் என்ன அடுக்கலாம், எப்படி அடுக்கலாம் என்பதற்கான பதில்கள் கீழே.

எங்கள் ஊர் மேட்டுப் பகுதி. இங்கே மணல் மூட்டை எதற்கு?

மேட்டுப் பகுதி என்பதால் தண்ணீர் தேங்காது, ஆனால் ஓடும். கடற்கரை ஊர்களில் தண்ணீர் மெல்ல ஏறி நாலைந்து நாள் நிற்கும். இங்கே பாறையும் சரிவும் அதிகம், மண் பல இடங்களில் ஆழம் கிடையாது. மலையில் பெய்தது ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் தெருவுக்கு வந்து, அதே வேகத்தில் வடிந்துவிடும். அதனால் நம் ஊரில் மூட்டையின் முதல் வேலை தண்ணீரைத் தடுத்துத் தேக்குவது அல்ல, வாசலை விட்டு விலக்கித் திருப்பி விடுவது. வயலில் மடை மாற்றுகிற அதே வேலைதான். இதை மனதில் வைத்தால் எத்தனை மூட்டை, எந்தக் கோணம், எவ்வளவு உயரம் என்ற கேள்விகளுக்கு விடை தானாகவே சுலபமாகும்.

மூட்டை அடுக்கினால் ஒரு சொட்டுகூட உள்ளே வராதா?

வரும். மணல் மூட்டை கசியும். சாக்கின் இழை வழியாகக் கொஞ்சம், மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவில் கொஞ்சம், தரைக்கும் மூட்டைக்கும் நடுவில் நிறைய. அடியில் நல்ல ஷீட் விரித்து அடுக்கினால், முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீர் வர வேண்டிய இடத்தில் துணியால் ஒற்றி எடுக்கிற அளவு கசிவுதான் வரும். சேறும் கட்டையும் கல்லும் வெளியே நின்றுவிடும். அந்த அளவுக்கு எதிர்பாருங்கள்.

எந்தச் சாக்கு நல்லது?

வீடு கட்டும் இடங்களில் கிடைக்கும் காலி சிமெண்ட் சாக்கு போதும். பயன்படுத்தும் முன் உள்ளே ஒட்டியிருக்கும் சிமெண்டைத் திருப்பி உதறிவிடுங்கள். இல்லையென்றால் ஈரத்தில் கையைப் பொத்துவிடும், மூட்டையும் ஒரு பக்கம் கட்டியாக இறுகிப் போய் வளையாது. வளையாத மூட்டை பக்கத்து மூட்டையோடு பொருந்தாது.

யூரியா சாக்கில் உள்ளே பிளாஸ்டிக் உறை இருந்தால் உருவி எடுத்துவிடுங்கள். உறையோடு நிரப்பினால் காற்று அடைத்துக்கொண்டு மூட்டை பலூன் மாதிரி நிற்கும், ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். கோணிப்பை நன்றாகப் பிடித்து நிற்கும், நனைந்ததும் நெகிழ்ந்து பொருந்தும். ஆனால் நனைந்தபடி சில வாரம் கிடந்தால் இற்றுப் போகும். பெரிய நெல் சாக்கு, பஞ்சு சாக்கு வேண்டாம், நிரப்பினால் யாராலும் தூக்க முடியாது.

சிமெண்ட் சாக்கு வெயிலில் கிடந்தால் சில மாதத்தில் நொறுங்கும். கையில் பிடித்து இழுத்தால் பொடியாக உதிர்ந்தால் அது வீண். அதனால் காலி சாக்காகவே 30, 40 சேர்த்து மடித்து, எலி வராத நிழலான இடத்தில் வையுங்கள். மேமாதமே நிரப்பி வாசலில் வைத்தால் ஐப்பசி மழைக்குள் சாக்கு போய்விடும், மணல் மட்டும் மிஞ்சும்.

மணலுக்கு எங்கே போவது? வேறு எதை நிரப்பலாம்?

ஆற்று மணல் தேவையே இல்லை. கிரஷர்களில் கிடைக்கும் எம்-சாண்ட் இந்த வேலைக்கு மிகப் பொருத்தம். சொரசொரப்பாக இருப்பதால் மூட்டைக்குள் இறுகி உட்காரும். அது இல்லாவிட்டால் வீட்டுச் செம்மண்ணே போதும், கல்லையும் வேரையும் பொறுக்கிவிட்டு நிரப்புங்கள். செம்மண்ணில் கொஞ்சம் களி இருப்பதால் தண்ணீரை மணலைவிட நன்றாகவே மறிக்கும்.

ஜல்லி நிரப்பக் கூடாது, தண்ணீர் நேராக ஊடுருவிப் போகும். பூச்சு வேலைக்கான மிக நைசான பவுடர் மணல் இழை வழியே கரைந்து வெளியேறி, நாலு மணி நேரத்தில் மூட்டை சப்பையாகும். வண்டல் கரம்பை நனைந்தால் கூழ், காய்ந்தால் கல், வேறு வழி இல்லாதபோது மட்டும் எடுங்கள். மணல் சேர்த்து வைப்பதானால் கால் யூனிட், அதாவது 25 கன அடி, வீட்டின் மேட்டுப் பக்கத்தில் தார்பாய் மூடி வையுங்கள். அதில் ஏறக்குறைய 40 மூட்டை வரும்.

ஒரு மூட்டையில் எவ்வளவு நிரப்ப வேண்டும்? வாயைத் தைக்கலாமா?

பாதி. அதற்கு மேல் வேண்டாம். அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான்: சாக்கு இருக்கிறதே என்று கழுத்துவரை நிரப்பி இறுக்கிக் கட்டிவிடுவார்கள். அப்படிச் செய்தால் மூட்டை உருண்டையாகிவிடும். உருண்டையை அடுக்கினால் நடுவே கை நுழையும் சந்து. அதோடு ஒவ்வொன்றும் 50 கிலோவுக்கு மேல் இருக்கும்.

பாதி நிரப்பினால் 25 கிலோ சொச்சம். கிடத்தி மிதித்தால் ஒன்றரை அடி நீளம், ஒன்றே கால் அடி அகலம், நாலு அங்குல உயரம் உள்ள தலையணை மாதிரி படியும். அளவுக்கு ஒரு சுலபமான கருவி: 20 லிட்டர் பெயிண்ட் வாளியின் அடியை வெட்டி எடுத்து, சாக்கின் வாயை அந்த வாளிமேல் மாட்டுங்கள். வாய் விரிந்தபடி நிற்கும், பிடிக்க ஆள் வேண்டாம். அதே அளவுள்ள இன்னொரு வாளியால் விளிம்புக்குச் சற்றுக் குறைவாக ஒரு வாளி கொட்டினால் ஒரு மூட்டை. பெரியவர்களும் பெண்கள் மட்டுமே இருக்கும் வீடும் முக்கால் வாளியோடு நிறுத்திக்கொள்ளலாம், மூட்டை எண்ணிக்கையைச் சற்றுக் கூட்டினால் சரியாகிவிடும்.

தைக்க வேண்டாம், கோணூசியைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். காலியாக இருக்கும் மேல்பாதியை முக்கோணமாக மடித்து மூட்டையின் அடியில் செருகி வைத்தால் அதன் எடையே பூட்டு. தூரம் எடுத்துப் போக வேண்டியிருந்தால் மட்டும் வாயின் விளிம்பை ஒட்டிச் சணலால் கட்டுங்கள், உள்ளே மணல் நகர இடம் இருக்க வேண்டும்.

ஒரு வாசலுக்கு எத்தனை மூட்டை வேண்டும்?

மூன்றரை அடி அகல நிலைவாசலுக்கு, இரு பக்கமும் ஓர் அடிக்கு மேல் சுவரைத் தாண்டி, மொத்தம் ஆறடி நீளம் அடுக்க வேண்டும். ஓர் அடி உயரத்துக்கு மூன்று வரிசை. கீழே இரண்டு வரிசைகளும் இரட்டை மூட்டை, மேலே ஒற்றை மூட்டை. ஒரு நீளத்துக்கு ஐந்து மூட்டை என்று கணக்கிட்டால் 25. கிழிவதற்கும் ஓட்டை அடைப்பதற்கும் ஐந்து கூடுதலாக வையுங்கள்.

சுவர்ச் சாய்மானம் இல்லாமல் வெட்டவெளியில், காம்பவுண்டு கேட்டுக்கு அடுக்குவதானால் கணக்கு வேறு. உயரத்தைப் போல மூன்று மடங்கு அகலம் அடியில் இருக்க வேண்டும். ஓர் அடி உயரத்துக்கு மூன்றடி அகலம், இரண்டடிக்கு ஆறடி. 12 அடி கேட்டுக்கு ஓர் அடி உயரம் கட்ட 35 மூட்டை போதும். அதே கேட்டுக்கு இரண்டடி என்றால் 130 மூட்டை, ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான மணல், மூன்று டன்னுக்கு மேல் எடை. உயரம் இரண்டு மடங்கானால் மூட்டை நாலு மடங்கு. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு கேட்டை விட்டுவிட்டு வாசலை மட்டும் காப்பது என்று முடிவு செய்தால் அது சரியான முடிவு.

நிரப்பி, தூக்கி, வைத்து முடிக்க ஒரு மூட்டைக்கு இரண்டு நிமிடமாவது ஆகும், அதுவும் மூன்று பேர் இருந்தால். 30 மூட்டைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அடுக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

முதலில் தரை. மிதியடி, செருப்பு ஸ்டாண்டு, பூந்தொட்டி எல்லாம் போகட்டும். வாசலில் மண், சருகு, சாணிக்கரைசலின் காய்ந்த ஏடு இருந்தால் துடைப்பத்தால் சுத்தமாகப் பெருக்குங்கள். மூட்டைக்கு அடியில் ஒரு குச்சி கிடந்தாலும் அந்த இடத்தில் தண்ணீர் வழி கண்டுபிடிக்கும். மண்தரை என்றால் மூட்டை வைக்கும் நடுக்கோட்டில் நாலு அங்குல ஆழத்துக்கு ஒரு சிறு பள்ளம் தோண்டி முதல் வரிசையை அதில் பதியுங்கள். வழுக்கி நகராமல் அது பிடித்துக்கொள்ளும்.

அடுத்து ஷீட். அதை மூட்டைக்கு முன்பே விரிக்க வேண்டும். கதவின்மேல் இரண்டடி ஏற்றி, கீழே தரையில் முன்பக்கம் நாலடி, ஐந்தடி நீள விட்டு, தளர்வாகப் போடுங்கள். இழுத்துக் கட்டினால் தண்ணீர் தள்ளும்போது கிழியும்.

இனி மூட்டை. தண்ணீர் தெருவில் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் ஓடும் என்று பாருங்கள். அது ஓடிப் போகிற முனையில் தொடங்கி, வருகிற முனையை நோக்கி அடுக்கிக்கொண்டே வர வேண்டும். மூட்டையின் நீளம் சுவரோடு நீளவாக்கில். மடித்த வாய் தண்ணீர் வரும் திசையைப் பார்த்து இருக்கட்டும். அடுத்த மூட்டையின் தைத்த அடிப்பாகம் அந்த மடிப்பின்மேல் ஏறி உட்கார வேண்டும். ஓடு வேய்வதை நினைத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர் ஓடும் திசையில் சந்து திறந்திருக்கக் கூடாது.

ஒவ்வொரு வரிசை முடிந்ததும் அதன்மேல் ஏறி நின்று மிதியுங்கள். மிதிக்காத வரிசையில் காற்றும் சந்தும் இருக்கும். இரண்டாம் வரிசையைச் செங்கல் கட்டுவது போல, கீழ் வரிசையின் இணைப்புக்கு மேல் மூட்டையின் நடுப்பகுதி வருகிற மாதிரி மாற்றி வையுங்கள். மூன்று வரிசையும் முடிந்ததும், முன்னால் விட்டிருந்த ஷீட்டைத் திருப்பி மூட்டைகளின்மேல் போர்த்தி, மேலே இரண்டு மூட்டை, முன்விளிம்பில் இரண்டு மூட்டை வைத்து அழுத்துங்கள்.

சரிவுத் தெருவில் இருக்கும் வீட்டுக்கு இன்னொன்று: வாசலுக்கு நேர்க்கோடாக அடுக்காமல், மேட்டுப் பக்க முனையைச் சுவரோடு ஒட்டி, கீழ்ப் பக்க முனையைத் தெருவை நோக்கிச் சற்று வெளியே தள்ளிச் சாய்வாக அடுக்குங்கள். வருகிற தண்ணீர் மூட்டையில் மோதி நிற்காமல் வழுக்கி வெளியே போகும். மோதாத தண்ணீருக்குத் தள்ளும் பலம் குறைவு.

ஷீட் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்?

150 மைக்ரானாவது இருக்கட்டும். கெட்டியான தார்பாய் சரி. காய்கறித் தோட்டத்து மல்ச்சிங் ஷீட் வேண்டாம், அது 25, 30 மைக்ரான்தான், கல் பட்டதும் கிழியும். பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் 500 மைக்ரான் ஷீட்டில் வெட்டி மிஞ்சிய துண்டு யாரிடமாவது இருந்தால் கேட்டு வாங்கி வையுங்கள், இதைவிட நல்லது கிடைக்காது. இரண்டு துண்டை இணைக்க வேண்டியிருந்தால் மூன்றடி ஒன்றின்மேல் ஒன்று ஏற்றுங்கள், தண்ணீர் வரும் பக்கத்துத் துண்டு மேலே இருக்கட்டும்.

ஒழுங்காக அடுக்கினோம். இருந்தும் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. எங்கே தப்பு?

பெரும்பாலும் நடுவில் அல்ல, இரு முனைகளில். மூட்டை சுவரோடு சேரும் இடத்தில் முழங்கை நுழையும் சந்து இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. அங்கே களிமண்ணைப் பிசைந்து சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவில் விரலால் அழுத்தி அப்ப வேண்டும். ஏரிக்கரை ஓட்டையை அடைப்பது போல, கையளவு உருண்டையாக உருட்டி ஒன்றன்மேல் ஒன்றாகத் திணியுங்கள். டேப் ஒட்டுவதென்றால் மழைக்கு முன் காய்ந்த சுவரில் ஒட்டிவிட வேண்டும். ஈரச் சுவரில் எந்த டேப்பும் பிடிக்காது, சுண்ணாம்பு உதிரும் சுவரில் காய்ந்திருந்தாலும் பிடிக்காது.

அடுத்த சந்தேகம்: தண்ணீர் வாசல் வழியாகத்தான் வந்ததா? தரையோடு ஒட்டிய ஜன்னல், குளியலறைத் தண்ணீர் வெளியேறும் குழாய், ஏ.சி. குழாய்க்குத் துளைத்த ஓட்டை, கேபிள் ஓட்டை, பின்வாசல் படியின் கீழே எலி பறித்த வளை இவை எல்லாமே வாசல்தான். மழைக்கு முன் ஒருநாள் வீட்டைச் சுற்றி நடந்து, தரையிலிருந்து இரண்டடிக்குள் இருக்கும் ஒவ்வொரு ஓட்டையையும் சாக்பீஸால் வட்டமிடுங்கள். எண்ணிக்கை ஆச்சரியப்படுத்தும்.

மூன்றாவது, மொட்டைமாடிக் குழாய். மூட்டை அடுக்கிய வளையத்துக்கு உள்ளேயே மாடித் தண்ணீர் கொட்டினால் அது வெளியேற வழியில்லாமல் வீட்டுக்குள் போகும். குழாயின் கீழ் முனையில் ஒரு வளைவும் பத்தடி பி.வி.சி. பைப்பும் மாட்டி வளையத்துக்கு வெளியே தள்ளிவிடுங்கள்.

கழிவறையிலிருந்து தண்ணீர் கொப்பளித்து வருகிறதே?

வெளியே சாக்கடையோ செப்டிக் டேங்கோ மூழ்கினால் அந்தத் தண்ணீர் குழாய் வழியே திரும்பி வரும். தரைமட்டக் கழிவறை, தரைச் சல்லடை இரண்டும் முதலில் பொங்கும். அவசரத்துக்கு: கெட்டியான பிளாஸ்டிக் கவரில் நாலைந்து கிலோ மணல் போட்டு முடிச்சிட்டு, கோப்பையின் துவாரத்தில் அழுத்தி வைத்து, மேலே ஒரு முழு மூட்டை. தரைச் சல்லடைக்கு ரப்பர்த் துண்டு வைத்து அதன்மேல் மூட்டை. நிலையான தீர்வு வேண்டுமானால் வீட்டிலிருந்து வெளியேறும் கழிவுக் குழாயில் ஒருவழி வால்வு போட்டுவிடலாம். பிளம்பருக்கு அரைநாள் வேலை. அதில் முடியும் துணியும் சிக்கினால் மூடாது, அதனால் ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசியில், திறந்து கழுவ வேண்டும்.

எவ்வளவு உயரம் வரை தடுக்கலாம்? இன்னும் இரண்டு வரிசை ஏற்றினால் என்ன?

வீட்டுச் சுவரை நம்பித் தடுப்பதாக இருந்தால் இரண்டடி. மூன்றடிக்கு மேல் எந்தச் சாதாரணச் செங்கல், ஹாலோ பிளாக் சுவரும் தாங்கும் என்று நம்பக் கூடாது. பத்தடி நீளச் சுவரில் ஓர் அடி தண்ணீர் நின்றால் தள்ளும் விசை 140 கிலோ. அதே சுவரில் மூன்றடி நின்றால் 1,200 கிலோவுக்கு மேல். வெளியே தண்ணீர், உள்ளே காலி என்ற நிலையில் அத்தனையும் ஒரே பக்கமாகத் தள்ளும். தண்ணீர் அந்த உயரத்தைத் தாண்டும் என்று தெரிந்தால் உள்ளே விட்டுவிடுவதே மேல். இரு பக்கமும் ஒரே அளவு நின்றால் சுவர் பிழைக்கும். சேற்றைக் கழுவிவிடலாம், சுவரை அப்படி மீட்க முடியாது.

எங்களுடையது மண் சுவர், ஓட்டு வீடு.

மண் சுவரில் தண்ணீர் சாய்ந்து நிற்க ஒரு மணி நேரம்கூட விடாதீர்கள். அடிப்பகுதி ஊறினால் மேல்பகுதி காய்ந்திருந்தாலும் சுவர் அப்படியே உட்காரும், பெரும்பாலும் மழை விட்ட பிறகு, ஆட்கள் உள்ளே திரும்பிப் படுத்த பிறகு. மூட்டையைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் நாலடி தள்ளி, மேட்டுப் பக்கத்தில் தண்ணீரைத் திருப்பிவிட மட்டும் பயன்படுத்துங்கள். சுவர் அடியில் கை வைத்துப் பார்த்துப் பிசுபிசு என்றிருந்தால் அன்றிரவு அந்த வீட்டில் தூங்க வேண்டாம்.

ஒவ்வொரு மழைக்கும் மூட்டை சுமக்க முடியவில்லை. வேறு என்ன வழி?

மடைப்பலகை. ஏரி மதகில் பலகை இறக்குவது போலவே வாசலிலும் இறக்கலாம். திரும்பத் திரும்பத் தண்ணீர் வரும் வீட்டுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். ஒருமுறை செலவு, பிறகு ஐந்து நிமிட வேலை.

தேவை: வாசலின் இரு பக்கச் சுவரிலும் செங்குத்தாக இரண்டேகால் அடி உயரத்தில், பலகை நுழையும் அளவுக்கு ஒரு சி-சேனல், அலுமினியமோ கால்வனைஸ் செய்த இரும்போ. 10 மி.மீ. ஆங்கர் போல்ட், பத்து அங்குலத்துக்கு ஒன்று. நிலைக்கட்டையில் அல்ல, சுவரில் அடிக்க வேண்டும், பூச்சைத் தாண்டிக் கல்லைப் பிடிக்க வேண்டும். ஹாலோ பிளாக் சுவராக இருந்தால் அந்த இடத்துக் குழிகளில் முன்பே கான்கிரீட் நிரப்ப வேண்டும், இல்லையென்றால் போல்ட் பிடுங்கிக்கொண்டு வரும். பலகைக்கு 19 மி.மீ. மெரைன் பிளைவுட், ஓரடி உயரத்தில் இரண்டு துண்டு. பின்னால் இரண்டு அங்குலச் சட்டம் ஒன்று படுக்கைவாட்டில் அடித்தால் வளையாது. வெட்டிய ஓரமெல்லாம் இரண்டு கை பெயிண்ட்.

கசிவு எங்கே வரும்? அடியில். நிலைப்படி மேடுபள்ளமாக இருந்தால் எந்த ரப்பரும் உதவாது. படியை மட்டம் பார்த்துப் பாலிஷ் கல் பதித்துவிட்டு, பலகையின் அடியில் கார் கதவுக்கு ஒட்டும் மென்மையான குழல் ரப்பரை ஒட்டுங்கள். இரண்டு பலகை சேரும் இடத்திலும் சேனலின் உள்பக்கத்திலும் அதே ரப்பர். மேலே இரு பக்கமும் ஒரு திருகு போல்ட் வைத்துப் பலகையைக் கீழ்நோக்கி அழுத்தினால்தான் ரப்பர் நசுங்கி அடைக்கும். வைத்த அன்றே வெளிப்பக்கம் பத்து குடம் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள். மழை நாளில் சோதனை செய்ய நேரம் இருக்காது.

பலகைகளில் 'கீழ்', 'மேல்' என்று எழுதி, வாசலுக்கு அருகிலேயே தொங்கவிடுங்கள். பரணில் போட்டால் தேடும்போது கிடைக்காது.

மணலும் இல்லை, நேரமும் இல்லை. அரைமணியில் என்ன செய்யலாம்?

தண்ணீரையே மூட்டையாக்குங்கள். பெரிய குப்பைக் கவர் இரண்டை ஒன்றுக்குள் ஒன்று போட்டு, 15 முதல் 20 லிட்டர் தண்ணீர் பிடித்து, காற்றை வெளியேற்றி முடிச்சிடுங்கள். வாசலில் நெருக்கமாக வரிசையாக வைத்து, முன்பக்கம் தார்பாய் போர்த்துங்கள். நாலு அங்குலத் தண்ணீர் வரை தாங்கும். அதற்கு மேல் மிதக்கத் தொடங்கும், ஏனென்றால் அதன் எடை தண்ணீரின் எடைதான். தக்காளி கிரேடு (பிளாஸ்டிக் பெட்டி) வீட்டில் இருந்தால் அதில் கவரை விரித்துத் தண்ணீர் நிரப்பினால் உருளாமல் நிற்கும். மீதிக் கிரேடுகளை ஃபிரிட்ஜ், அரிசி மூட்டை, பீரோவின் கீழ்த்தட்டுத் துணி இவற்றை உயர்த்தி வைக்கப் பயன்படுத்துங்கள்.

தண்ணீர் பட்டால் உப்பும் பை, காற்றடைத்த தடுப்பு என்று இணையத்தில் விற்கிறார்களே?

உப்பும் பை வேலை செய்யும். எடை குறைவு, வயதானவர்கள் மட்டும் இருக்கும் மாடிக்குடியிருப்புக்கு ஏற்றது. ஒருமுறை உப்பினால் காய்ந்து பழையபடி ஆகப் பல நாள் எடுக்கும், எனவே ஒருமுறை பொருள் என்றே எண்ணுங்கள். ஓடும் தண்ணீரில் தனியாக வைத்தால் நகரும், சுவர்ச் சாய்மானம் வேண்டும். தண்ணீர் நிரப்பும் நீளக் குழாய்த் தடுப்புகள் சமதரைக்கு உருவானவை. நம் ஊர்ச் சரிவில் ஒரு முனை உருண்டு போகும். கல்லும் முள்ளும் அடித்து வரும் ஓடைத் தண்ணீரில் குத்திக் கிழிவதும் நடக்கும்.

நிரந்தரமாகத் தண்ணீரைத் திருப்ப என்ன செய்யலாம்? பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாரே?

இடம் இருந்தால் வீட்டின் மேட்டுப் பக்கத்தில், அஸ்திவாரத்திலிருந்து நாலடியாவது தள்ளி, ஓரடி அகலம் ஓரடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டுங்கள். பத்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டம். எடுத்த மண்ணை வீட்டுப் பக்கமாகவே போட்டு, அரையடிக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு வரப்பாக்குங்கள். வளைவில் தண்ணீர் மண்ணை அரிக்கும், அங்கே மட்டும் கருங்கல் பதியுங்கள். வரப்பின்மேல் அருகம்புல்லோ வெட்டிவேரோ நட்டால் ஒரே மழையில் கரையாது.

முடியும் இடம் முக்கியம். வாய்க்கால் தெருச் சாக்கடையிலோ ஓடையிலோ சேர வேண்டும். பக்கத்து வீட்டு வாசலில் சேரக் கூடாது. அது நியாயமும் இல்லை, சட்டமும் விடாது. தண்ணீர் முன்பு எந்த வழியாகப் போனது என்று தெரிய, தமிழக அரசின் இ-சேவை இணையதளத்தில் புலப்படத்தையும் (நிலத்தின் எல்லை வரைபடம்) 'அ' பதிவேட்டையும் (நிலத்தின் வகை காட்டும் கணக்கு) எடுத்துப் பாருங்கள். அங்கே ஓடை என்றோ வாய்க்கால் என்றோ புறம்போக்கு காட்டினால், இன்று அங்கே மனைக்கல் நட்டிருந்தாலும் பெருமழையில் தண்ணீர் அந்த வழியைத்தான் தேடும். தெருவே சேர்ந்து கிராம நிர்வாக அலுவலரிடம் மனு கொடுக்க அந்த நகல்தான் ஆதாரம்.

தடுப்புக்கு உள்ளே ஊறும் தண்ணீரை எப்படி வெளியேற்றுவது?

உள்பக்கம் தாழ்வான மூலையில் ஒரு வாளி அளவுக்குக் குழி விட்டு, கசிவு அங்கே சேரும்படி செய்யுங்கள். சிறு கசிவுக்கு முறமும் வாளியும் போதும். மோட்டார் வைப்பதானால் ஸ்விட்ச், பிளக், இணைப்பு எல்லாம் இடுப்புக்கு மேலே இருக்க வேண்டும், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வேலை செய்ய வேண்டும். தண்ணீர் தரையைத் தொட்டுவிட்டால் மெயினை அணைத்துவிடுங்கள். ஈரத்தில் நின்றுகொண்டு அணைக்காதீர்கள், காய்ந்த பலகைமேல் நின்று, அல்லது மின்வாரிய மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லி லைனையே நிறுத்தச் சொல்லுங்கள். டீசல் இன்ஜினை வீட்டுக்குள் ஓட்டக் கூடாது, புகை ஆளைக் கொல்லும்.

எப்போது அடுக்கத் தொடங்குவது, எப்போது விட்டுவிட்டுக் கிளம்புவது?

ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்த அன்று பகலிலேயே அடுக்கிவிடுங்கள். நம் ஊர் மழை இரவில்தான் கூடுகிறது, இருட்டில் 30 மூட்டை அடுக்க முடியாது. மேலே உள்ள ஏரி கோடி போகத் தொடங்கினால் ஓடைக்கரை வீடுகளுக்கு இருக்கும் நேரம் நிமிடக் கணக்கில்தான்.

இந்த நிலைகளில் மூட்டையைத் தொடவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள்: ஏரிக்கரையில் கலங்கலாகக் கசிவு தெரிந்தால். வாணியாறு, பாம்பாறு, கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை ஆகியவற்றின் கீழே ஆற்றோரம் இருந்து வெள்ள அபாய எச்சரிக்கை வந்தால். ஒகேனக்கல், ஊட்டமலைப் பகுதியில் காவிரிக் கரையை விட்டு வெளியேறச் சொன்னால். ஆற்று வெள்ளத்தை வாசல் மூட்டை எதுவும் செய்யாது. கிளம்பும்போது மாட்டுக்கும் ஆட்டுக்கும் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், கட்டிப்போட்ட மாடுதான் சாகும். ஓடும் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே, அரையடி இருந்தாலே ஆளைச் சாய்க்கும், ஓரடி சிறிய காரை நகர்த்தும். தரைப்பாலம் மூழ்கியிருந்தால் கடக்காதீர்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070.

மழை விட்டபின் மூட்டைகளை என்ன செய்வது?

அவசரப்பட்டுக் கையால் தூக்காதீர்கள். ஈரமும் இருட்டும் உள்ள மூட்டை இடுக்கு பாம்புக்கும் தேளுக்கும் பிடித்த இடம். நீளக் குச்சியால் புரட்டிப் பார்த்துவிட்டு, கையுறை போட்டு எடுங்கள். சாக்கடைத் தண்ணீரில் நனைந்த மணலைப் பூச்சு வேலைக்கோ குழந்தைகள் விளையாடும் இடத்துக்கோ பயன்படுத்தக் கூடாது. வெயிலில் பரப்பிக் காயவிட்டு, தெருக்குழி நிரப்பவோ தென்னை மரத்தடியில் போடவோ செய்யலாம். சாக்கடையில் மட்டும் கொட்டாதீர்கள், அடுத்த மழைக்கு அடைப்பு அதுதான். கிழியாத சாக்கை அலசிக் காயவைத்து மடித்து வையுங்கள். பலகையின் ரப்பரைத் துடைத்துவிட்டு, நசுங்காமல் தொங்கவிடுங்கள். தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்பதற்குச் சுவரில் சேற்றுக் கோடு இருக்கும். கழுவும் முன் அதைத் தரையிலிருந்து அளந்து, தேதியோடு கதவின் உள்பக்கம் எழுதிவிடுங்கள். அடுத்த முறை எத்தனை வரிசை என்பதை அந்த எண் சொல்லும்.